கடை சாத்திய பிறகு நெட்டில் என்ன ஓடுகிறது?

கீழமாசி வீதியில் எனக்குப் பழக்கமான மளிகை மொத்தக் கடை ஒன்று இருக்கிறது. மொத்தம் ஐந்து சிஸ்டம். அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுகிற ஒன்றைத்தான் அங்கே சர்வர் என்பார்கள். பில் போட இரண்டு பேர், கணக்குக்கு ஒருவர், குடோனில் ஒருவர், கல்லாவில் அண்ணாச்சி. ஒரு திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் டேலி திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரையில் பணம் கேட்டு ஒரு கடிதம்.

நான் போய்ப் பார்த்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வீட்டிலிருந்தும் ஆடிட்டர் ஆபீஸிலிருந்தும் டேலி பார்ப்பதற்காக, எப்போதோ யாரோ ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிற எண் போட்ட வாசலை, திறந்துவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே சிஸ்டத்தை இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் அந்த வழியாகத்தான் வரும். அது எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் உண்டு. ஆள் உட்கார்ந்து தேடுவதில்லை. விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரை சர்வரில் திறந்தால் 4625 என்ற எண்ணுடன் வரிசை வரிசையாகப் பதிவுகள். தவறான பாஸ்வேர்டு போட்டு யாரோ உள்ளே வர முயன்றதற்கு விண்டோஸ் வைக்கும் குறிப்பு அது. அந்தப் பதிவேட்டின் அளவு 20 எம்பி. நிரம்பிவிட்டால் பழையது அழிந்து புதியது ஏறும். அதனால் எத்தனை நாளாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்ற கணக்குகூட மிஞ்சவில்லை.

அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான். "ஏன் தம்பி, ராத்திரி ராத்திரியா ஒருத்தன் கதவத் தட்டியிருக்கான். நமக்கு ஒரு சத்தம்கூடக் கேக்கலையே?"

நாற்பது நாள் பழைய பென் டிரைவ் பேக்கப் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகான பில்களைக் காகிதத்தைப் பார்த்து மூன்று வாரம் தட்டி ஏற்றினார்கள். பணம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மதுரையில் சிறு நிறுவனங்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிற எனக்கு, சத்தம் கேட்கும்படி செய்வதும் என் வேலைதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு போகிற இடமெல்லாம் முதலாளிகளிடம் இதைப் பேசுகிறேன். பேசியதில் தேறியது இந்தக் கட்டுரை.

அரசின் கணக்குப்படி, 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாய் வரை உள்ளதும் 'சிறு' நிறுவனம்தான். நான் பேசுவது அவ்வளவு பெரிய இடத்தைப் பற்றி இல்லை. ஐந்திலிருந்து நாற்பது சிஸ்டம் வரை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கென்று தனி ஆள் இல்லாமல் ஓடுகிற கடை, பட்டறை, லேப், ஆபீஸ். அங்கே கண்காணிப்பு வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த அளவுக்கு?

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது

கண்காணிப்பு என்றதும் பலர் நினைப்பது, பணியாளர் எந்தத் தளம் பார்க்கிறார், யாருக்கு என்ன அனுப்புகிறார் என்று முதலாளி படிப்பதை. அது வேறு வேலை. அதை நான் யாருக்கும் செய்து தருவதில்லை. இன்று இணையத்தில் பெரும்பாலான போக்குவரத்து பூட்டிய உறைக்குள்தான் போகிறது. எந்த இயந்திரம், எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு அனுப்பியது என்பது தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. தபால்காரருக்கு உறையின் மேல் இருக்கும் முகவரியும் கனமும் தெரிவது மாதிரி.

அந்தக் கனமும் நேரமுமே நமக்குப் போதும். ஒரு கடையில் பகலில் நெட் எப்படி ஓடும் என்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருவது அதிகம், வெளியே போவது குறைவு. இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்திய பிறகு கிட்டத்தட்ட அமைதியாகிவிட வேண்டும். இரவு ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏதோ ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தால், அந்த ஐந்து மணி நேரத்தில் 45 ஜிபி போயிருக்கும். நீங்களே வைத்த கிளவுட் பேக்கப்பாக இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், வரைபடங்கள் எல்லாம் வேறு யார் வீட்டுக்கோ குடிபோகிறது என்று அர்த்தம். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

இது நெட்வொர்க் பக்கம். சர்வர் பக்கம் பார்க்க வேண்டியது இன்னும் எளிது: ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, சூடு எவ்வளவு, நேற்றைய பேக்கப் உண்மையிலேயே முடிந்ததா, யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டுக்கொண்டே இருக்கிறார்களா. சித்திரை வெயிலில் 40 டிகிரி தொடுகிற ஊர் இது. மாடிப்படிக்கு அடியில் காற்றே புகாத மூலையில் சர்வரை வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஹேக்கரால் போன டேட்டாவைவிட, சூட்டாலும் மின்வெட்டாலும் ஓடாத பேக்கப்பாலும் போன டேட்டாவைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா?

இருக்கலாம், சில இடங்களில். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு போன், ஒரு யுபிஐ ஸ்கேனர், ஒரு நோட்டு வைத்து வியாபாரம் பண்ணுகிறவருக்கு நான் எந்தக் கண்காணிப்பும் சொல்ல மாட்டேன். பில்லிங் மென்பொருளே கிளவுடில் ஓடுகிற ஜவுளிக்கடைக்கும் சர்வர் என்று ஒன்று கிடையாது. அவர்கள் அந்தக் கணக்கில் நுழைய ஓடிபி-யைக் கட்டாயமாக்கி, வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே நீக்கினால் போதும்.

ஆனால் சர்வர் வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து பார்க்க வழியும் திறந்து வைத்துக்கொண்டு, "நம்ம சின்னக் கடைய எவன் பார்க்கப் போறான்" என்று இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற வைரஸ் 2017 மே 12-ல் பரவியபோது கடை சிறிதா பெரிதா என்று பார்க்கவில்லை. கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட் வழியாக, அப்டேட் போடாத விண்டோஸ் எங்கிருந்தாலும் நுழைந்தது. அதற்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த வருடம் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. 2016-ல் வந்த மிராய் என்ற வைரஸ் இன்னும் மோசம். தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாத சிசிடிவி கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்கமான பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே பிடித்தது. பிடித்த கேமராக்களை வைத்து அந்த அக்டோபர் 21-ம் தேதி பெரிய பெரிய தளங்களையே திறக்க முடியாமல் செய்தார்கள். கேமரா வைத்திருந்தவருக்கு, தன் கேமரா அந்த வேலை பார்த்தது கடைசிவரை தெரிந்திருக்காது.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நம் ஊர் பில் கவுண்டர்களில் இன்னும் அது எத்தனை ஓடுகிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

கையில் இருப்பதையே பார்ப்பது

செலவில்லாத வழி இது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பட்டியல் இருக்கும். எந்தெந்த போர்ட் வெளியே திறந்திருக்கிறது என்பதும் இருக்கும். சர்வரில் ஈவன்ட் வியூவர் இருக்கிறது. அதன் பாதுகாப்புப் பதிவேட்டின் அளவை 20 எம்பியிலிருந்து கூட்டிவைப்பது இரண்டு நிமிட வேலை. மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பார்த்தாலே அண்ணாச்சி கடையில் நடந்தது முன்னாடியே தெரிந்திருக்கும்.

இதில் குறை என்னவென்றால், நெட் கம்பெனி கொடுக்கிற சாதாரண ரவுட்டர் பதிவுகளைப் பெரும்பாலும் தன் நினைவில் மட்டும்தான் வைத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் எல்லாம் அழிந்துவிடும். ஐப்பசியில் இடி மின்னலோடு மழை பெய்கிற நாட்களில் ஒரே நாளில் மூன்று முறை அழியும். இன்னொன்று, இது நடந்த பிறகு போய்ப் பார்க்கிற வழி. தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. ஐந்து சிஸ்டத்துக்குக் கீழே, வெளியே எந்த போர்ட்டும் திறக்காத கடைக்கு இதுவே போதும் என்பேன். அதற்கு மேல் போனால் போதாது.

பழைய சிஸ்டத்தில் நாமே அமைப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. பதினெட்டு பேர், பதினொரு சிஸ்டம். தினமும் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் நெட் படுத்துவிடும். சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கும், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் எடுக்கப் பக்கம் திறக்காது. நெட் கம்பெனிக்கு போன் போட்டால் "எங்க பக்கம் சரியா இருக்கு சார்" என்பார்கள். முதலாளி இரண்டாவதாக ஒரு லைன் எடுக்கவே முடிவு செய்துவிட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

ஓரமாகக் கிடந்த பழைய ஐ3 சிஸ்டத்தில் லினக்ஸ் ஏற்றி, லிப்ரெஎன்எம்எஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். எஸ்என்எம்பி பேசக்கூடிய ரவுட்டர் ஒன்று வாங்கி வைத்தோம். எஸ்என்எம்பி என்பது 1980-களின் கடைசியில் வந்த பழைய முறை. ரவுட்டர், சிஸ்டங்களின் கேபிள்களைச் சேர்க்கும் சுவிட்ச், பிரிண்டர் எல்லாம் தங்கள் நிலவரத்தைக் கேட்டால் சொல்லும் மொழி என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கேபிள் செருகியிருக்கும் எந்த போர்ட்டில் எவ்வளவு போனது வந்தது என்று கேட்டுப் படமாக வரைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாம் நாளே விடை கிடைத்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை, வெளியே போகிற கோடு மேலே முட்டி, மொட்டை மாடி மாதிரி தட்டையாக நின்றது. டிசைன் செக்ஷனில் இருக்கிற சிஸ்டம், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அன்றைய வரைபடங்கள் அத்தனையையும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றுகிற வழி அடைத்துக்கொண்டால் இறக்குகிற வேலையும் நின்றுவிடும். "இந்தப் பக்கத்தைக் கொடு" என்று கேட்கிற சிறு கோரிக்கையும், "வந்தது கிடைத்தது" என்று சொல்கிற பதிலும் அந்த ஏற்று வழியில்தானே போக வேண்டும்? அவை வரிசையில் நின்றுவிட்டன. கிளவுட் ஏற்றத்தை இரவு பத்து மணிக்கு மாற்றி, வேகத்துக்கும் ஒரு வரம்பு போட்டோம். அன்றிலிருந்து இ-வே பில் தடையில்லாமல் வருகிறது. இரண்டாவது லைன் எடுக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், கண்காணிப்பின் பலன் தினமும் கண்ணில் படுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். திருடன் வருடத்துக்கு ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். நெட் படுப்பது வாராவாரம் நடக்கிறது. திருடனுக்காக மட்டும் வைத்தால் ஆறே மாதத்தில் அலுத்துப்போய் அணைத்துவிடுவார்கள். அன்றாட வேலைக்கு உதவினால் ஓடவிட்டு வைத்திருப்பார்கள். அப்போது திருடன் வந்தாலும் அகப்படுவான்.

எந்த மென்பொருள் என்று கேட்பவர்களுக்கு: சர்வரும் நெட்டும் உயிரோடு இருக்கிறதா, பேக்கப் முடிந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் அப்டைம் குமா. இதை அமைப்பது மிக எளிது, டெலிகிராமில் செய்தி அனுப்பும். இதில் எனக்குப் பிடித்த ஒரு வசதி, பேக்கப் முடிந்ததும் அதுவே இதற்கு ஒரு குரல் கொடுக்கும்படி செய்யலாம். குறித்த நேரத்துக்குள் குரல் வராவிட்டால் நமக்குத் தகவல் வரும். போக்குவரத்தின் அளவும் வேண்டுமென்றால் லிப்ரெஎன்எம்எஸ். சர்வருக்குள் நுழைந்து டிஸ்க், சூடு, 4625 பதிவுகள் வரை எண்ண வேண்டுமென்றால் ஸாபிக்ஸ். இது 2001-லிருந்து வெளிவருகிறது. வலுவானது, கற்றுக்கொள்ளத்தான் நாள் பிடிக்கும். கடையில் இருக்கிற கருவிகள் எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்கின்றன என்று பார்க்கவும், வேண்டாததைத் தடுக்கவும் பை-ஹோல். மூன்று நான்கைச் சேர்த்துப் போட ஆசை வரும். ஒன்றில் தொடங்குங்கள்.

கரண்ட் செலவையும் கணக்குப் போட்டுவிடலாம். 60 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப் நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 43 யூனிட். 15 வாட் இழுக்கிற மினி பிசி என்றால் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வர்த்தக இணைப்புக்கு இந்த வித்தியாசம் சிறியதில்லை.

சிக்கல்களும் உண்டு. கடைகளில் பெரும்பாலும் சாதாரண எட்டு போர்ட் சுவிட்ச்தான் இருக்கிறது. அது எதுவும் பேசாது. எந்த சிஸ்டம் எவ்வளவு இழுக்கிறது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் நிலவரம் சொல்லக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும், அல்லது கொஞ்சம் நல்ல ரவுட்டராவது வேண்டும். எஸ்என்எம்பி-க்கு வருகிற 'பப்ளிக்' என்ற கடவுச்சொல்லை அப்படியே விடக் கூடாது. கண்காணிக்கிற சிஸ்டத்தையே வெளியே திறந்து வைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. முதல் முறை ஒரு இடத்தில் அமைத்தபோது எதையெல்லாம் அளக்க முடியுமோ அதற்கெல்லாம் எச்சரிக்கை வைத்தேன். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனதும் பதினான்கு செய்திகள், வந்ததும் பதினான்கு செய்திகள். இரண்டே நாளில் அந்த குரூப்பை எல்லோரும் மியூட் செய்துவிட்டார்கள். அது என் தப்பு. இப்போது ஐந்துக்கு மேல் வைப்பதில்லை: நெட் இல்லை, சர்வர் இல்லை, பேக்கப் வரவில்லை, டிஸ்க் நிரம்பப் போகிறது, கடை சாத்திய பிறகு வெளியே போவது அளவுக்கு மீறுகிறது.

இந்த வழிக்கு வேண்டியது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, "இது என் வேலை" என்று ஏற்றுக்கொள்கிற ஒரு ஆள். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கப்பலூரில் அதைப் பார்ப்பவர் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கும் ஒரு அம்மா. படம் வழக்கம்போல இருக்கிறதா என்று திங்கள்தோறும் பார்ப்பார், வித்தியாசம் தெரிந்தால் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார். இரண்டு முறை என்னைவிட முன்னால் கண்டுபிடித்திருக்கிறார். அப்படி ஒரு ஆள் இல்லாத இடத்தில் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

ஃபயர்வால் பெட்டி

நெட்டுக்கும் கடைக்கும் நடுவே உட்கார்ந்து போக்குவரத்தைச் சோதிக்கிற காவல் பெட்டி இது. திருமங்கலத்திலும் மேலூரிலும் கிளை வைத்து, மதுரையில் தலைமைக் கடை வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். கிளைகளை விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை மூலம் இணைக்கும், தேவையில்லாத போர்ட்களை மூடும், எந்த இயந்திரம் எங்கே போனது என்ற பதிவை வைத்திருக்கும், தெரிந்த தீய முகவரிகளைத் தடுக்கும். இருபத்தைந்து சிஸ்டத்துக்கு மேல் போனால் யோசிக்காமல் வாங்கலாம்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று வருட லைசென்ஸ் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டி ஒரு முறைச் செலவு, லைசென்ஸ் வருடாவருடம். அதைப் புதுப்பிக்காவிட்டால் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், விளக்கும் எரியும். ஆனால் புதிய ஆபத்துகளைப் பற்றிய தகவல் அதற்கு வராது. இப்படி வருடக்கணக்கில் விளக்கு மட்டும் எரிகிற பெட்டிகளைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பூட்டிய உறையையும் பிரித்துப் பார்க்கும் வசதி அதில் உண்டு என்று சொல்லி விற்பார்கள். உண்டுதான். ஆனால் ஒவ்வொரு சிஸ்டத்திலும் சான்றிதழ் ஏற்ற வேண்டும், வங்கித் தளங்களிலும் டிஜிட்டல் கையெழுத்திலும் தகராறு வரும். பணியாளரின் சொந்த விஷயங்களும் அதில் அகப்படும். சிறு இடத்துக்கு அது வேண்டாம்.

வெளியே ஒப்படைப்பது

அண்ணா நகரில் ஒரு பரிசோதனை லேப். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் ரத்த மாதிரி எடுக்கும் நிலையங்கள். அங்கே இருப்பது ஆயிரக்கணக்கான மனிதர்களின் சர்க்கரை, கர்ப்பம், எச்ஐவி முடிவுகள். மளிகைக் கணக்கு போனால் கடைக்காரருக்கு நஷ்டம். இது போனால் நம்பி வந்த நோயாளிக்கு அவமானம். அந்த டாக்டர் என்னிடம் கேட்டபோது, நாமே அமைப்பது போதாது, வெளியே ஒரு குழுவிடம் ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள் என்றுதான் சொன்னேன்.

சட்டமும் ஒரு காரணம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு இது அந்த ஆண்டு செப்டம்பர் 25-லிருந்து நடைமுறைக்கு வந்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அது உச்ச வரம்பு. லேப் ஒன்றுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணிக்கு ஒன்று நடந்தால், பத்து மணிக்குள் என்ன நடந்தது என்று எழுதிக்கொடுக்க அந்த லேப்பில் யார் இருக்கிறார்?

180 நாள் பதிவு என்றதும் பெரிய சர்வர் வேண்டுமோ என்று கேட்கிறார்கள். வேண்டாம். இருபது சிஸ்டம் இருக்கிற ஆபீஸின் பதிவுகள் வெறும் எழுத்துதான், சுருக்கி வைத்தால் சின்ன டிஸ்க்கிலேயே அடங்கிவிடும். அதைவிட முக்கியம் கடிகாரம். எல்லா இயந்திரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைத்துவிட்டால் போதும். ஒரு இடத்தில் கேமராவின் நேரம் பதினேழு நிமிடம் முன்னால் ஓடியது. சர்வர் பதிவில் இருக்கிற நேரத்துக்கு யார் அறையில் இருந்தார் என்று பார்க்கப் போய், சம்பந்தமே இல்லாத ஒரு பையன் மேல் சந்தேகம் விழுந்தது. கடிகாரத்தைச் சரிபார்த்த பிறகுதான் அவன் தப்பினான்.

சரி, வெளியே ஒப்படைத்தால் கவலை தீர்ந்ததா? இல்லை. கண்காணிப்பவருக்கு உங்கள் எல்லா இயந்திரத்துக்குள்ளும் வர வழி இருக்கும். அவர் வீட்டுக் கதவு உடைந்தால் உங்கள் கதவும் உடையும். 2021 ஜூலை 2-ல் அப்படித்தான் நடந்தது. சிறு நிறுவனங்களின் சிஸ்டங்களை வெளியிலிருந்து பராமரிப்பவர்கள் பயன்படுத்திய கஸேயா நிறுவனத்தின் மென்பொருளிலேயே நுழைந்து, அதன் வழியாக 800 முதல் 1500 வரையிலான நிறுவனங்களின் கோப்புகளைப் பூட்டினார்கள். ஸ்வீடனில் கூப் என்ற பலசரக்குக் கடைத்தொடர் கல்லா மெஷின் ஓடாமல் தன் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டி வந்தது.

நம் ஊரில் நான் பார்க்கும் வடிவம் இன்னும் எளிமையானது. சர்வீஸ் பண்ணுகிறவர் எல்லா வாடிக்கையாளர் சிஸ்டத்திலும் ரிமோட் ஆப் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பார். அவரிடம் வேலை பார்த்து விலகிப் போன பையன்களுக்கும் அது தெரியும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: எங்களுக்கென்று தனி பாஸ்வேர்டா? உங்கள் ஆட்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு எங்களுக்குக் கிடைக்குமா? இரவில் எச்சரிக்கை வந்தால் போனை எடுப்பது யார், எத்தனை நிமிடத்தில்? ரவுட்டர், சர்வர், ஃபயர்வால் இவற்றின் முதன்மை பாஸ்வேர்டு ஒரு உறையில் எங்கள் பீரோவில் இருக்குமா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அவரிடம் கொடுக்காதீர்கள். பத்து வருடம் பழகியவராக இருந்தாலும்.

லேப் டாக்டர் இந்தக் கேள்விகளோடு மூன்று பேரிடம் பேசினார். இரவு போன் எடுப்பதை எழுத்தில் தர ஒருவர்தான் முன்வந்தார், அவர் கேட்ட தொகையும் அதிகம்தான். அவருக்கே கொடுத்தார். ரிப்போர்ட் வைத்திருக்கும் சர்வரில் வெளியே எந்த போர்ட்டும் இப்போது திறந்திருக்கவில்லை. நிலையங்கள் விபிஎன் வழியாகத்தான் வருகின்றன.

எந்த வழியில் போனாலும் பணியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இயந்திரங்கள் எவ்வளவு அனுப்புகின்றன என்று பார்க்கிறோம், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை" என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். சொல்லாமல் வைத்து அவர்களாகக் கண்டுபிடித்தால், அப்புறம் தப்பான லிங்க்கை அமுக்கிவிட்டேன் என்று உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைவிட வேகமாக எச்சரிக்கிற மென்பொருள் எதுவும் இல்லை.

அண்ணாச்சி எடுத்த முடிவு

அவர் கடைக்கு ஐந்து சிஸ்டம்தான். ஃபயர்வால் பெட்டி தேவையில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தார், அவருடைய மகன். 3389-ஐ மூடி, விபிஎன் வைத்தோம். ரவுட்டரை மாற்றி, மினி பிசி ஒன்றில் ஸாபிக்ஸ் போட்டு, ஐந்து எச்சரிக்கைகளும் மகன் போனுக்கு வரும்படி செய்தோம். பேக்கப் இரண்டு இடத்தில். அதில் ஒரு டிஸ்க், எழுதி முடித்ததும் கழற்றி வீட்டுக்குப் போய்விடும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டினோம்: பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய 1930, என் எண், சர்ட்-இன் மின்னஞ்சல். சர்வர், கேமரா ரெக்கார்டர், வைஃபை மூன்றின் நெட் கேபிளிலும் மூன்று நிறத்தில் டேப் சுற்றினோம். பதற்றத்தில் எதைப் பிடுங்குவது என்று யாரும் தேடக் கூடாது.

நான்கு மாதம் கழித்து ஒரு இரவு, 1:40-க்கு மகன் போனில் செய்தி: வெளியே போவது அளவு மீறுகிறது. காலை ஏழு மணிக்கே கடைக்குப் போய், ஸாபிக்ஸ் வரைந்த படத்தைப் பார்த்திருக்கிறார். அனுப்பிக்கொண்டிருந்தது கேமரா ரெக்கார்டர். நீல டேப் சுற்றிய கேபிளைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் அதில் தொழிற்சாலை பாஸ்வேர்டே இருந்தது. கேமரா வைத்தவர் மாற்றவில்லை, நானும் அதைச் சரிபார்க்காமல் விட்டிருந்தேன். அதைத் துடைத்து, புதிய மென்பொருள் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றி, சர்வர் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தோம். அண்ணாச்சி போனில் கேமரா பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் வழியாகப் பார்க்கிறார். ரெக்கார்டர் தானாக வெளியே எதுவும் அனுப்ப இப்போது வழியில்லை.